மாரெக்குக்கு ஒரு உண்டியல்

19 ஜனவரி 2004, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து பிள்ளையார்பாளையத்தில் தறிகள் மறுபடி சத்தம் போடத் தொடங்கிவிட்டன. சேலைக்கு மாங்காய் பார்டர் கிராஃப் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டு முடித்தேன். வழக்கம்போல ஒரு இழை காணோம். பார்டரும் உடலும் சேருகிற இடத்தில் இந்த க்ரோஸ்னோ ப்ரோகிராம் ஒரு இழையை விழுங்கிவிடுகிறது. விட்டுப்போன நானூற்று எண்பது கட்டத்தையும் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகப் போட்டேன். கண் எரிகிறது.

தறிக்கு டிசைன் அட்டை வெட்டுகிற வீரபத்திரன் அண்ணன் கிராஃபுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "இன்னாமா அம்சவேணி, உன் போலந்துக்காரன் இன்னும் அத்த சரி பண்ணலியா?"

ஓசியில் கொடுத்தவரை அதட்டவா முடியும்? இதே வேலைக்குக் கம்பெனிக்காரன் ப்ரோகிராம் ஒன்றரை லட்சம். மாரெக் என்கிற முகம் தெரியாத மனுஷன் தானே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். மூன்று வருஷமாக அதில்தான் என் சாப்பாடு. க்ரோஸ்னோ என்றால் அவர்கள் பாஷையில் தறியாம்.

3 பிப்ரவரி, செவ்வாய்

சின்ன காஞ்சிபுரத்தில் ஸுதர்சனின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மாரெக்கிடமிருந்து மெயில், எல்லோருக்கும் பொதுவாக. வேலை போய்விட்டதாம். மார்ச் 31-க்குள் உபயோகிப்பவர்கள் கைகொடுத்தால் க்ரோஸ்னோவைத் தொடர்வாராம். இல்லையென்றால் கப்பல் கட்டுகிற இடத்தில் பெயின்ட் அடிக்கப் போகிறார், அதற்குப் பிறகு இதற்கு நேரம் இருக்காது.

உதவ நாலு வழி போட்டிருக்கிறார். நன்கொடை தரலாம். சி.டி.யாக விலைக்கு வாங்கலாம். மாதாமாதம் சின்னத் தொகை அனுப்பலாம். நமக்கு வேண்டிய திருத்தத்துக்குக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லலாம். என் இழைக்கு நான் கூலி தருகிறேன் ஐயா, தாராளமாகத் தருகிறேன்! ஆனால் நாலுக்கும் கிரெடிட் கார்டு வேண்டும்.

ஸுதர்சன் சிரித்தான். "என் கார்டு பஸ் ஸ்டாண்ட் ஏடிஎம்லயே பாதி நாள் வேலை செய்யாதுக்கா. போலந்துல எங்க செய்யும்?"

சம்பளச் சீட்டு இல்லாத எனக்கு யார் கார்டு தருவார்கள்?

5 பிப்ரவரி, வியாழன்

கிராஃப் வாங்க வருகிறவர்கள் கருடசேவை மகமைக்கென்று, கோயில் காணிக்கையாக, ஒரு டிசைனுக்குக் கொஞ்சம் என்று டப்பாவில் போடுவது வழக்கம்தான். அதன் பக்கத்தில் இன்னொரு டப்பா வைத்து 'மாரெக்' என்று எழுதி ஒட்டினேன். வீரபத்திரன் அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இவரு எந்தக் கோயிலு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முதல் பத்து ரூபாய் அவர் போட்டதுதான்.

16 பிப்ரவரி, திங்கள்

டப்பா நிறைந்துவிட்டது. பாங்குக்குப் போய், போலந்துக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று கவுண்டர்காரரிடம் சொன்னேன்.

"என்னாமா வாங்குன? பில்லு?"

"பில் இல்ல சார். அது இலவசம்."

"இலவசம்னா எதுக்குக் காசு?"

"அவர் கஷ்டத்துல இருக்காரு."

"சொந்தமா?"

"இல்ல சார்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். வெள்ளைக்காரனுக்குக் காதல் பணம் அனுப்புகிறேன் என்று நினைத்திருப்பார். எனக்கு வயது நாற்பத்தொன்று, அதைக் கவுண்டரில் நின்று சொல்ல முடியுமா? சென்னைக் கிளைக்குப் போகணுமாம். கடிதம், ஃபாரம், கமிஷன். கமிஷனே டப்பாவில் பாதியைத் தின்றுவிடும்.

17 பிப்ரவரி

மணியார்டரும் அந்த நாட்டுக்குப் போகாதாம்.

1 மார்ச், திங்கள்

வீரபத்திரன் அண்ணன் வழி சொன்னார். "பணம் போவலன்னா பொருள் போவும்மா. பட்டு அனுப்பு. அவரு அங்க வித்துக்கட்டும்." எனக்கு ஏன் இது தோன்றவில்லை! டப்பாப் பணத்தில் பட்டும் ஜரிகையும் வாங்கியாயிற்று. அண்ணன் வீட்டுக்காரி பட்டம்மாள் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய சால்வை, மயில் பார்டர். மயில் கழுத்து வளைவு உடைகிறது என்று நான் ஒருமுறை எழுதியபோது மாரெக் இரண்டே நாளில் சரிசெய்து அனுப்பினாரே, அதே மயில்.

12 மார்ச், வெள்ளி

பார்சல் போய்விட்டது. போஸ்டாபீஸில் மதிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். "கிஃப்டுதானே, முந்நூறு போட்டுடும்மா" என்றார் கவுண்டரில் இருந்த அம்மா.

முந்நூறா! பட்டம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அசல் ஜரிகைம்மா இது. கொறச்சிப் போட்டா போலின்னு நெனச்சிடுவாங்கோ." எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பன்னிரண்டாயிரம் என்று போட்டு, ஜரிகை எத்தனை கிராம் என்பதையும் எழுதினேன். அதைக் காட்டி அவர் நல்ல விலைக்கு விற்கலாம் இல்லையா?

திரும்பி வரும் வழியில் அண்ணனும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் கரும்புச்சாறு குடித்தோம்.

31 மார்ச்

கடைசித் தேதி. மெயில் இல்லை.

7 ஏப்ரல், புதன்

மாரெக் எழுதியிருக்கிறார். பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் சுங்கத்தில் நிற்கிறது. நான் எழுதிய மதிப்புக்கு அவர் வரி கட்டினால்தான் கொடுப்பார்களாம். அவ்வளவு பணம் இப்போது தன்னிடம் இல்லை என்று மன்னிப்புக் கேட்கிறார். அவர் கேட்கிறார், என்னிடம்!

ஐயோ, நான் இன்னா வேலை செஞ்சிக்கினு வந்துட்டேன். முந்நூறுன்னு அந்தம்மா படிச்சிப் படிச்சிச் சொன்னாங்களே. இல்லாதவன் கிட்ட போயி பன்னெண்டாயிரத்துக்கு வரி கேக்க வச்சிட்டேனே. ஜரிகை கிராமாம், பெருமையாம். எவ கேட்டா உன் பெருமையை?

அந்த வரியையாவது நான் கட்டலாம் என்றால் எப்படி அனுப்புவது? மறுபடி அந்தக் கவுண்டர்தான். போய் நின்றேன். "திரும்பவும் நீயாம்மா?"

12 ஏப்ரல், திங்கள்

உலகம் முழுக்கப் பதினொரு பேர்தான் பணம் அனுப்பினார்களாம். போதவில்லை. நாளை முதல் பெயின்ட் வேலை. க்ரோஸ்னோவின் கடைசிப் பதிப்பைப் போட்டுவிட்டார்.

இறக்கி, மாங்காய் பார்டரையே கொடுத்துப் பார்த்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இழை இருக்கிறது. கூலி வாங்காமலே போகிற போக்கில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நன்றி என்ற பக்கத்தில் பன்னிரண்டு பெயர்கள். கடைசியில்: 'அம்சவேணி, காஞ்சிபுரம். ஒரு பட்டுச் சால்வை. இன்னும் பார்க்கவில்லை.'

ஸுதர்சன் பார்த்துவிடுவான் என்று பக்கத்தை மூடினேன். அழுகை நிற்கவே இல்லை.

14 ஜூன், திங்கள்

பார்சல் திரும்பி வந்துவிட்டது. மேலே எத்தனையோ முத்திரைகள். பட்டம்மாள் தைத்த தையல் அப்படியே இருக்கிறது. பிரிக்க மனசு வரவில்லை. பீரோவில் வைத்துவிட்டேன்.

வீரபத்திரன் அண்ணன் கிராஃப் வாங்கிக்கொண்டு, மாரெக் டப்பாவில் பத்து ரூபாய் போட்டார்.

"போதும்ணா. அனுப்பறதுக்குத்தான் வழியே இல்லியே."

"டிசைன் ஓடிக்கினுதானே இருக்குது? இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பார்சல் திரும்பி வந்ததை மாரெக்குக்கு எழுத வேண்டும். என்ன எழுதுவது? கைக்குக் கிடைத்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். விட்டுப்போன கட்டம் போடுகிற வேலை இரண்டு மாதமாக அதற்கு இல்லை. மை காய்ந்து போயிருந்தது.