பிடியின் அடியில் இருந்த எண்

கார்வெல், ஒஹையோ
மே 9, 1994

அன்புள்ள லென்,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம், என் ரத்த அழுத்தத்தைத் தவிர. அதற்குக் காரணம் நம் ஊர்ப் போலீஸ்.

சனிக்கிழமை துப்பாக்கிச் சந்தை. வழக்கம்போல என் மேசையைப் போட்டு, பழைய போலீஸ் ரிவால்வர் கொண்டுவருகிறவர்களுக்கு அதன் வயதையும் விலையையும் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் போலீசுக்குப் புதுப் பிஸ்டல்கள் வந்துவிட்டன. பழைய ரிவால்வர்களை மொத்தமாக ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டார்கள். டெல்பர்ட் என்று பெயர், அடுத்த மேசை. ஒன்றின் மரப்பிடியைக் கழற்றித் தனியாக விலை எழுதி வைத்திருந்தார்.

"இரும்பு இருநூறு, கட்டை எழுபது. கட்டைதாம்மா நல்ல சாமான். அந்த ஆளுக்குப் பெரிய கை போலிருக்கு," என்றார்.

பெரிய கைதான். பிடியின் அடியில் சி 248913 என்று இருந்தது. அப்பாவின் எண்.

1968-இல் அப்பா, போலீஸ்காரர் எமில் தோமாசெக், ஓய்வு பெற்றபோது இலாகா என்ன சொன்னது? நல்ல ரிவால்வரை விற்றுவிட்டு வேறு எதையோ ஒப்படைத்தார் என்றது. பிரிவு விருந்து கிடையாது. கௌரவப் பலகையில் பெயர் கிடையாது. பதின்மூன்று மாதம் சிறையிலிருந்த ஒரு கேப்டனின் பெயர் அதே பலகையில் பித்தளையில் மின்னுகிறது. அப்பா விற்றுவிட்டார் என்று அவர்கள் சொன்ன சாமானை இருபத்தாறு வருஷம் தங்கள் அலமாரியிலேயே வைத்திருந்து, இப்போது அவர்களே விற்றிருக்கிறார்கள்.

அப்பாவின் பெயரைப் பலகையில் ஏற்றச் சொல்லி நகரசபைக்கு மனு எழுதப்போகிறேன். நீயும் கையெழுத்துப் போடவேண்டும்.

அன்புடன்,
வில்மா அக்கா

*

டூசான், அரிசோனா
மே 17, 1994

அன்புள்ள அக்கா,

முதுகு அப்படியேதான். வெயில் ஆரம்பித்துவிட்டது.

நீ யாருக்காவது மனு எழுதாத வருஷம் எது? நானும் அப்போது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்தவன். அவர் ஒப்படைத்ததன் எண் 61752 என்று பதிவேட்டில் இருந்தது. விசாரணையில் கேப்டன், "எமில், நம்பரைப் பாத்துட்டுத்தானே ஒப்படைப்புச் சீட்டுல கையெழுத்துப் போட்டே?" என்று கேட்டார். அப்பா "ஆமா" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. தப்புச் செய்யாதவன் அப்படியா நிற்பான்?

அவர் விற்றது ஊரெல்லாம் சுற்றி அங்கேயே வந்திருக்கலாம். உன் கண் கலங்கியதைப் பார்த்து அந்த டெல்பர்ட் விலையை ஏற்றியிருப்பான். போனவரை விட்டுவிடு, அக்கா.

அன்புடன்,
லென்

*

கார்வெல்
மே 24, 1994

லென்,

'அன்புள்ள'வை இந்தத் தடவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

என் கண் கலங்கவில்லை. கட்டையோடு சேர்த்து நூற்றெண்பதுக்கு வாங்கினேன். கதையைச் சொல்லியிருந்தால் ஐந்நூறு கேட்டிருப்பார். "நீங்க பக்கத்துல உக்காந்தா நான் கடையை மூட வேண்டியதுதாம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து, தோட்டா போடும் உருளையைத் திறந்தேன். உள்ளே, அதைத் தாங்கும் இரும்புக் கையின் மடிப்பில், 61752. இரண்டு எண்ணும் ஒரே துப்பாக்கியில் இருக்கின்றன, லென். உள்ளே இருப்பது, பாகங்கள் கலந்துவிடாமல் இருக்கத் தொழிற்சாலை ஆட்கள் அடித்துக்கொள்வது. உண்மையான எண் பிடியின் அடியில். அப்பாவின் பெரிய கட்டை அதை மூடியிருந்தது. ஒரே ஒரு திருகைக் கழற்றினால் தெரியும்.

என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதே தவறைச் செய்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்படுவதில்லை, அவர்கள் பொழுதுபோக்குக்காகத் துப்பாக்கி சேர்க்கும் பல் வைத்தியர்கள். ஆயுத அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவனுக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியவில்லை. அந்த மடையன் இந்நேரம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பான். பலகையில் பெயரும் இருக்கும்.

ஒப்படைப்புச் சீட்டின் நகல் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வருகிறது. பெயர் தெரிந்ததும் முதல் கடிதம் அவனுக்கு.

வில்மா

*

டூசான்
மே 31, 1994

அன்புள்ள அக்கா,

சீட்டுக்குக் காத்திருக்காதே. அந்த மடையன் நான். ஆனால் எனக்கு ஓய்வூதியம் கிடையாது.

ஆயுத அறைக்கு என்னை அனுப்பி நான்கு நாள் ஆகியிருந்தது. ரோந்து போவதாக உங்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஐயா, இதைக் கொஞ்சம் வாங்கிக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்தார். உருளையைத் திறந்தேன், கண்ணில் பட்ட எண்ணை எழுதினேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, சீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

விசாரணையில் அவர் என்னைக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். ஆயுதப் பதிவேட்டில் தவறினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, "வித்துட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். "அந்த உப்பை இப்படித் தள்ளு," என்றார்.

1979-இல் இங்கே ஒரு கடைக்காரர் பழைய ரிவால்வர் ஒன்றின் கட்டையைக் கழற்றி எனக்கு எண்ணைக் காட்டினார். அப்பா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து பதினைந்து வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. போன கடிதத்தில் உன்னிடம் தெரிந்தே பொய் சொன்னேன்.

மனுவில் என்ன வேண்டுமானாலும் எழுது.

லென்

*

கார்வெல்
ஜூன் 8, 1994

லென்,

உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். அவற்றைப் படித்திருந்தால் அம்மா என் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாள்.

அப்பா உன்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் உன்னைக் குற்றவாளியாக நினைக்கவே இல்லை. அதனால் மன்னிக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு அவர் அளவுக்குப் பொறுமை கிடையாது.

ரிவால்வரை முறைப்படி மதிப்பிட்டுவிட்டேன். பாகங்கள் எல்லாம் அசல். குழல் நுனியில் மட்டும் தோலுறை உரசிப் பூச்சு போயிருக்கிறது. சந்தையில் இருநூறு டாலருக்கு மேல் போகாது. விற்பதாக இல்லை.

மனுவை நான் எழுதவில்லை. நகரசபை இருபத்தெட்டாம் தேதி கூடுகிறது. அதற்குள் வந்து நீ எழுது, நீயே எழுந்து நின்று படி. முதுகுவலி என்று சொல்லாதே, இங்கேயும் நாற்காலி இருக்கிறது.

மரப்பிடியைத் திரும்பவும் மாட்டிவிட்டேன். மனுவில் எண் எழுதும் இடம் வரும்போது நீயே கழற்றிப் பார்த்துக்கொள். திருப்புளி மேசைமேல் இருக்கிறது.

வில்மா அக்கா