தூங்கவிடாத பொடி

அன்புள்ள உமாராணிக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

போனில் என் குரலே களைத்திருக்கிறது என்று வருத்தப்பட்டாய். அதைக் கட்டட சைட்டில் சொன்னேன். உடன் வேலை செய்யும் பெஷாவர்க்காரர் குல்சேர் பாய் ஒரு டப்பாவை நீட்டினார். பிரேசில் காட்டில் விளையும் குவாரானா என்ற கொட்டையின் பொடியாம். "ஏக் ஸ்பூன், பாய்! டயர்ட் கலாஸ்!" என்றார். ஒரே ஸ்பூனில் களைப்பு தீர்ந்துவிடுமாம். நான் இன்று காலை டீயில் இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்துவிட்டேன்.

களைப்பு நிஜமாகவே போய்விட்டது. நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. தண்ணீர் குடித்ததும் அடங்கியது, பயப்படாதே. இந்த அரபு நாட்டு வெயிலுக்குப் பயந்து கோடையில் மதியம் எங்களுக்கு மூன்று மணிவரை வேலை கிடையாது. எல்லாரும் அட்டையை விரித்துத் தூங்குகிறார்கள். நான் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். மற்ற நாளில் படுத்ததும் தூங்கிவிடுவேன், எதையும் நினைக்க நேரமிருக்காது. இன்று இரண்டு மணி நேரமாக வீட்டு நினைப்புதான். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்குக் களைப்பே தேவலை.

லீவில் ஊருக்கு வரும் ஐயப்பனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் திரும்பும்போது சுக்குமல்லித் தூளும், அட்டைமேல் விரிக்க உன் பழைய நூல் சேலை ஒன்றும் கொடு.

விசில் ஊதிவிட்டார்கள். சேலையைத் துவைக்க வேண்டாம், அப்படியே கொடு.

துரைக்கண்ணு