நீங்கள் சொல்லாமல் விட்ட வரி

அக்கா,

இன்று ஆராதனையில் அறிவிப்பு வாசித்தார்கள். "கர்த்தருக்குச் சித்தமானால், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரும் சனிக்கிழமை முக்கொம்புக்குச் சுற்றுலா செல்வார்கள்." நம் சபையில் தையல் வகுப்பானாலும் அறுப்புப் பண்டிகை ஏலமானாலும் அந்த முதல் வார்த்தை இல்லாமல் அறிவிப்பே கிடையாது. "மைக்செட்காரர் வரலைன்னாக்கூட கர்த்தரத்தான் இழுப்பாங்க" என்று ஒரு காலத்தில் என் காதில் சொல்லிச் சிரிக்க வைப்பீர்கள். இன்று சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நீங்கள் இல்லை. போகிற இடமும் முக்கொம்பு.

உங்கள் மகன் சாம் ஆற்றில் மூழ்கி இறந்ததும் அங்கே இப்படி ஒரு சுற்றுலா போனபோதுதான். தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருந்த இடம். பிள்ளைகளைக் கூட்டிப் போன பெரியவர்கள் மர நிழலில் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீங்களும் அவர்களில் ஒருவர்.

பாலக்கரை வீட்டில் அவனைக் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: தேவ சித்தம். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். நீங்கள் திடீரென்று நிமிர்ந்து, "பிள்ளையப் பாக்காம விட்டது நாங்க. அவர் மேல ஏங்க பழியப் போடுறீங்க?" என்றீர்கள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜெபிப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு பரமண்டல ஜெபத்தில் ஒரு வரியை மட்டும் நீங்கள் சொல்வதில்லை. கடவுளின் சித்தம் பரமண்டலத்தில் நடப்பதுபோல் இங்கேயும் நடக்க வேண்டும் என்று கேட்கிற வரி. சபையே ஒரே குரலில் சொல்லும்போது உங்கள் உதடு மூடிக்கொள்ளும். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வீர்கள். வருஷக்கணக்காக உங்கள் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரியும். விசுவாசம் விட்டுப் போய்விட்டதோ என்று பயந்தேன். விட்டுப் போனவர் ஏன் ஒரு ஞாயிறும் தவறாமல் வருகிறார், ஏன் இன்னமும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார் என்றும் குழம்பினேன். கேட்க மட்டும் வாய் வரவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்களே படுத்தீர்கள். டாக்டர் கையை விரித்த அன்று, பக்கத்துக் கட்டிலில் இருந்த ஸ்ரீரங்கத்து மாமி, "எல்லாம் பெருமாள் திருவுள்ளம்" என்று பெருமூச்சு விட்டார். "உங்க ஊர்லயும் இதே பாட்டுதானா மாமி?" என்று நீங்கள் கேட்டதும், அவ்வளவு வலியிலும் அவர் சிரித்துவிட்டார்.

மறுநாள் போதகர் வந்தார். கட்டிலைச் சுற்றி நின்று பரமண்டல ஜெபம் சொன்னோம். அந்த வரி வந்தது. நீங்கள் சொன்னீர்கள், அக்கா. மூச்சு வாங்க வாங்க, நாங்கள் முடித்த பிறகும் விடாமல், முழுவதும் சொன்னீர்கள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வலி தாங்காமல் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். போதகர் போனதும், "அப்ப எல்லாம் அவர் சித்தம்னு ஏத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லடா தம்பி. நடக்குறதெல்லாம் அவர் நெனச்சபடிதான்னா, அது நடக்கணும்னு நம்மள எதுக்கு வேண்டிக்கச் சொல்றாரு? இங்க இன்னும் நடக்கல. அது புரியறதுக்கு எனக்கு இவ்வளவு நாளாச்சு."

"அப்ப உங்களுக்கு வந்திருக்கிற நோய்?"

"அவருக்கும் இது பிடிக்காமத்தான் இருக்கும். அவரும் சிலுவையில பிள்ளையப் பறிகொடுத்தவர்தானே."

உங்களை அடக்கம் செய்த அன்று எல்லாரும் அதே ஆறுதலோடு வந்தார்கள். உங்களைப் போல் பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலையை ஆட்டி வைத்தேன். நீங்கள் சொன்னது வேதம் படித்தவர்களின் கணக்கில் சரியா என்று போதகரிடம் கேட்கலாம்தான். மனம் வரவில்லை. தப்பு என்று சொல்லிவிட்டால், பிடித்துக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

இன்று அறிவிப்பு முடிந்ததும் ஜெபம். அந்த வரி வந்தது. உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்தவன் அதை எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொன்னேன். ஒத்துக்கொண்டு சொல்லவில்லை, அக்கா. எப்போது, எப்போது என்று கேட்டுத்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது, உங்களுக்காக அழுகிறவன் அந்த ஆலயத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை, அவரும்தான் அழுகிறார் என்று தோன்றியது.