தேக்கு நிறத்தில் ஒரு டப்பா

பெயிண்ட் கடையில் வாங்கி வந்த இரண்டு டப்பாக்களையும் இன்று காலை திறந்து வைத்தேன். ஒன்று நிறமில்லாத எண்ணெய், மற்றது அடர்ந்த தேக்கு நிறம். இரண்டிலிருந்தும் ஒரே வாசம்தான் வந்தது. உன் மரக்கடைக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறும் ஆளிவிதை எண்ணெய் வாசம். நீ போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. உன்னைக் கேட்காமல் மரத்துக்கு நான் வாங்கிய முதல் எண்ணெய் இது.

எங்கள் வீட்டுத் தோட்டத்து மரத்தளத்துக்குத்தான். என் மனைவி அருள்மேரிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த வருடம் போட்ட தளம் அது. நான்கு தூறல் விழுந்தாலே பின்பக்கச் செம்மண் வழுக்கும். அவளுக்கோ சாயங்காலம் செடிகளுக்கு நடுவே உட்கார வேண்டும். "சிமென்ட்டு போட்டா மதியம் காலு வெந்துரும். மரத்துல போடு மாப்ள" என்றாய். கன்னிவாடிப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு உன்னிடம் இருப்பதாகவும், அதில் பலகை அறுத்துத் தருவதாகவும் சொன்னாய்.

எண்ணெயைப் பற்றி மட்டும் மூன்று நாள் பேசினோம். "வார்னிஷ் சட்ட மாதிரி, வெயில்ல கிழிஞ்சு தொங்கும். எண்ணெய்னா உள்ள எறங்கிரும்" என்று நீ சொன்னது சரி. நிறமில்லாத எண்ணெய் போதும், தேக்கின் பொன்னிறம் தெரியட்டும் என்றேன். சிரித்தாய். "ஏலே பேப்பர்காரா, நெறம் இல்லாத எண்ணெய்க்கு வெயிலு பயப்படாது. ஆறே மாசத்துல பலக நரச்சு ஒன் தல மாதிரி நிக்கும்." அதுவும் சரி. பலகைகளுக்கு உன் கடையிலேயே நான்கு பக்கமும் அடர்நிற எண்ணெய் பூசி அனுப்பினாய். பொருத்திய பிறகு அடிப்பக்கத்துக்கு எண்ணெய் பூச முடியாது என்றாய். பிறகு நான் விசாரித்த எல்லோரும் அதையே சொன்னார்கள்.

வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தேன். "இம்புட்டுக் கனமா இருக்கே, தேக்குதான?"

"ஒனக்குப் போயி வேற மரம் போடுவேனா மாப்ள?"

முப்பத்தைந்து வருடம் செய்தி சேகரித்தவன் நான். கேள்விக்குக் கேள்வியைப் பதிலாகத் தந்த எத்தனையோ பேரை நிறுத்தி, ஆமாவா இல்லையா என்று மறுபடி கேட்டிருக்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை. டீ குடிக்கப் போனோம்.

போன வாரம் தளத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். துளி உருண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது, உறிஞ்சிவிட்டால் மறுபடி பூச வேண்டும். உறிஞ்சிவிட்டது. தச்சர் முருகேசனை வரவழைத்தேன். அவர் ஒரு மூலையில் பழைய நிறம் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"யாரு சார் இதத் தேக்குன்னு சொன்னது?"

உன் கடையைச் சொன்னேன்.

"அண்ணனா?" என்றவர் மறுபடி ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். "தேக்குன்னா தேய்க்கயிலயே புதுத் தோல் செருப்பு மாதிரி வாசம் வரும் சார். இது கோங்கு. மட்டமான மரம்னு சொல்ல மாட்டேன். மழ வெயிலுக்கு அசையாது. ஆனா தேக்கு இல்ல."

இன்னும் நான்கு இடங்களில் தேய்க்கச் சொன்னேன். நான்கும் கோங்கு. உன் கடையில் அப்போது வேலை பார்த்தவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "அந்தத் தேக்கு அம்புட்டும் பழனியில லாட்ஜ் கட்டுனவருக்குப் போயிருச்சுண்ணே. ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்."

சொல்லியிருந்தால், கோங்கையே போடு என்றிருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. பொய்யே தேவைப்படாத இடத்தில், அதுவும் என்னிடம் சொன்னாய். ஒருவர்மேல் குற்றம் எழுதினால் அவர் தரப்பையும் கேட்டு ஒரு வரியாவது சேர்ப்பது என் வழக்கம். உன் தரப்பைக் கேட்க நான் எங்கே போவது?

நீ இறந்த வாரம் பத்திரிகையில் உனக்கு அஞ்சலி எழுதினேன். மரத்தில் பொய் சொல்லாத வியாபாரி, எங்கள் வீட்டுத் தேக்குத் தளமே சாட்சி என்று என் பெயரோடு அச்சாகியிருக்கிறது. தவறாக எழுதிய எதற்கும் மறுநாளே திருத்தம் போடாமல் நான் இருந்ததில்லை. உன் பிலோமினா அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு உன் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து இங்கே வருவாள். அருள்மேரியோடு தளத்தில் உட்கார்ந்து, "ஒங்க வீட்டு வேலைன்னா பாத்துப் பாத்துச் செஞ்சாரு மதினி" என்று பலகையைத் தடவுவாள். முப்பது வருடம் மர வியாபாரியோடு வாழ்ந்தவள். கோங்கின் செம்பழுப்பு வெளியே தெரிந்தால் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே தேய்த்த மூலையில் இன்று இரண்டு எண்ணெயையும் முருகேசன் பூசிக் காட்டினார். நிறமில்லாததில் மரம் அழகாகத்தான் இருந்தது. அருள்மேரியிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். "எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்று அதையே காட்டினாள். பிறகு, "மத்தியானம் பிலோமி வருவா" என்றாள்.

தேக்கு நிற டப்பாவை முருகேசனிடம் நகர்த்தினேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பிரஷை முக்கினார்.

பிலோமினா வந்தபோது பாதித் தளம் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் நின்று பார்த்தாள். "நல்ல தேக்குண்ணே. இன்னும் இருவது வருசத்துக்கு அசையாது."

"அசையாதும்மா" என்றேன்.

எவ்வளவு கவனமாகப் பொறுக்கியெடுத்த ஒரு சொல் அது என்று உனக்குத்தான் தெரியும். உன்னோடு போட வேண்டிய சண்டை அப்படியே பாக்கி இருக்கிறது. அதைப் போட முடியாதபடி, நானும் இப்போது உன் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.