கலஹா பஸ் ஜன்னலில் ஒரு முகம்

ஜூன் 9, திங்கள்

காலை முழுக்கத் தூறல். அம்பிட்டிய இறக்கத்தில் பஸ் ஊர்ந்தது. குடையை மறந்தேன். கெமராவை மறக்கவில்லை, சிலிசிலிப் பொலித்தீன் பைக்குள் பத்திரம்.

நேற்றுத் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில். 22ஆம் தேதி ஞாயிறு, பங்கு மண்டபத்தில் என் படங்களைக் கண்காட்சியாக வைக்கலாமாம். ஒரு வருடமாகத் தெருவில் முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி எடுத்த முகங்கள். என் படங்கள்! சுவரில்! ஆட்கள் தேத்தண்ணீர் குடித்தபடி பார்க்க!

ஒரே ஒரு நிபந்தனை. “கேக்காம ஒருத்தர் மொகத்தையும் செவத்துல மாட்டக்கூடாது. ரோட்டுல ‘சரி’ன்னு சொன்னது வேற, செவத்துக்கு ‘சரி’ வேற. எல்லார்ட்டயும் போய்க் கேளுங்க.”

நியாயம்தான். ஆனால் பாதிப் பேருடைய பெயரே தெரியாதே.

அலுவலகத்தில் இன்று முழுக்க நட்டஈட்டுக் கோப்புகள். காப்புறுதிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தால் “அடுத்தவர்” என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வராது. கெமரா கழுத்தில் தொங்கினால் மட்டும் எங்கிருந்தோ ஒரு வாயாடி வந்துவிடுகிறாள். அவள் யார் என்று எனக்கும் தெரியாது. நல்லவள்.

மதிய இடைவேளையில் மார்க்கெட். பூ விற்கிற அக்கா: சரி. கத்தி சாணை பிடிப்பவர்: சரி, ஆனால் படத்தில் ஒரு கொப்பி தரவேண்டும். மீன் கடைத் தம்பி: “மிஸ், என்னைய மட்டும் பெருசா போடுங்க.”

இரவு சோறும் பருப்பும். என்னவர் ஜெரோம் பொரித்த கருவாடு. தீய்ந்துவிட்டது. சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வெயில்! வேலை விட்டதும் வாவிக் கரை.

போன மாதம் ஒரே குடைக்குள் எடுத்த காதல் சோடி அதே பெஞ்சில், அதே குடையோடு. படத்தைக் காட்டினேன். பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. “ஐயோ, எவ்வளவு வடிவா இருக்கு!” கண்காட்சி என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

“வேணாம் அக்கா, ப்ளீஸ். இவங்க அப்பா அம்பிட்டியவிலதான் கடை வச்சிருக்காரு,” என்றான் பையன்.

எடுத்துவிட்டேன் பட்டியலிலிருந்து. அவர்கள் கண் முன்னாலேயே கெமராவிலிருந்தும் அழித்தேன். பையன் பெருமூச்சு விட்டான். பிறகு பெண் கேட்டாள், “அழிக்க முந்தி எனக்கு ஒன்னு வட்ஸ்அப்ல போட்டிருக்கலாமே?”

இப்படியும் ஆட்கள்.

ஜூன் 11, புதன்

அரைநாள் லீவு. கெலிஓயா. வழியில் ஒரே புழுக்கம்.

குடை திருத்தும் நானா தன் சின்னக் கடைக்கு முன்னால் கம்பிகளைப் பரப்பி வைத்திருந்தார். படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். எனக்குப் பயம் வந்தது.

“அல்லாஹ்! என்ட உம்மாட மூக்கு அப்பிடியே ஈக்கிது பாருங்கொ. இவ்வளவு நாளும் கண்ணாடில பாத்தும் இது எனக்கு வெளங்கல்ல மகள்.”

உம்மா மௌத்தாகி, இறந்துபோய், ரொம்ப வருடமாம். ஒரு படம்கூட இல்லையாம். இனி உம்மாவைப் பார்க்க நினைத்தால் தன் படத்தையே பார்த்துக்கொள்ளலாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் பக்கத்துக் கடைப் பலகையை வாசிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

“போடுங்கொ, போடுங்கொ. ஆனா கடட போர்டும் வெளங்கோணும்.”

வாங்க வேண்டியவை: பிரேமுக்கு ஆணி, நூல், ஜெ.க்கு இருமல் மருந்து.

இனி ஒரே ஒருத்திதான் பாக்கி. அவள்தான் முக்கியம்.

போன மாதம், குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில், நல்ல மழை. கலஹா பஸ் புறப்படத் தயார். ஜன்னலோரம் ஒரு அம்மா. கன்னத்தில் கை. ஒரு பக்கத்து உதடு மேலே ஏறிய ஒரு சிரிப்பு, கண்ணில் நீர் தளும்பி நிற்கிறது. கெமராவைக் காட்டி எடுக்கட்டுமா என்று சைகை. தலையாட்டினாள். எடுத்தேன். பஸ் போய்விட்டது.

பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தில்தான் நின்றார்கள். ஃபாதர்: “ஆனந்தக் கண்ணீர்!” பெரிதாக்கி வாசலில் மாட்டுவதாக முடிவு. பெயர்கூட வைத்துவிட்டேன்: “ஆனந்தம்.” ஆனந்தத்துக்குச் சொந்தக்காரி எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஜெ. யாழ்ப்பாணத்தார். கல்யாணமாகி இத்தனை காலம் கண்டியில் இருந்தும் பேச்சு மட்டும் கண்டிக்கு வரவில்லை. “இஞ்சேரும், ஆரெண்டே தெரியாத மனிசியை எங்க போய்த் தேடப் போறீர்?”

“பஸ்ஸில.”

“ஓம், அது சரி. பஸ் ஒண்டுதானே ஓடுது.”

ஜூன் 12, வியாழன்

நக்கல் அடித்தவர் கவனிக்க. முதலாவது பஸ்ஸிலேயே துப்பு அகப்பட்டது!

வேலைக்குப் போகும் முன் குட்ஷெட். கலஹா பஸ் கண்டக்டர், சிங்களவர், வாயில் டிக்கட்டைக் கவ்வியபடி படத்தைப் பார்த்தார். “ஆ, இந்த அம்மா! புள்ளங்க பாத்துக்கிற அம்மா. தோட்டத்துல. சனிக்கெழம வாங்க மிஸ், நான் எறக்கி விடுறது.”

அலுவலகத்துக்குப் பிந்தி. முகாமையாளர் முறைத்தார். எனக்கு உறைக்கவில்லை.

ஜூன் 14, சனி

எழுத நிறைய. கை இன்னும் குளிரில் விறைத்திருக்கிறது. முறையாக எழுத வேண்டும்.

பேராதனை தாண்டியதும் மழை, கலஹா ஏறும்போது பனி. கண்டக்டர் சொன்னபடி ஒரு தேயிலைத் தோட்டச் சந்தியில் இறக்கிவிட்டு, மேலே கை காட்டினார். ஏற்றம். சப்பாத்துக்குள் தண்ணீர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அப்பால் நீலச் சுவர்க் கட்டடம்: பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். உள்ளே சேலைத் தொட்டில்கள் வரிசையாக. மெல்லிய பால் மணம்.

அவளேதான். ஒரு காலால் ஒரு தொட்டில், ஒரு கையால் இன்னொன்று. பெயர் பரமேஸ்வரி. ஐம்பதுக்குப் பக்கம். எல்லாருக்கும் பரமேசு அக்கா.

“வாங்க, வாங்க. கதிரையில உக்காருங்க. மெதுவா பேசுங்க, இப்பதான் தூங்குதுங்க.”

படத்தைக் கொடுத்தேன். பார்த்தாள். வலது கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். வாயை முந்தானையால் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறினேன். சிரிக்கிறாள்!

“அய்யய்யோ, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“எவ்வளவு சந்தோஷமா சிரிக்கிறீங்க இதுல...”

“யாருங்க சிரிச்சா? அன்னிக்கிதான் கண்டி ஆஸ்பத்திரியில பல்லு புடுங்கிட்டு வந்தேன். ஊசி போட்டு இந்தப் பக்கம் செத்துப்போச்சி. வாயி அதுபாட்டுக்கு மேல போயிருச்சி, என்னால எறக்க முடியல்ல. கண்ணுல தண்ணி வலியில வந்தது.”

ஆனந்தம்!

எனக்கும் சிரிப்பு வெடித்தது. ஒரு குழந்தை எழும்பிவிட்டது. அதைத் தூக்கி என் மடியில் போட்டாள். கேட்கவெல்லாம் இல்லை.

அப்புறம் அவள் சொன்னதில் சிரிப்பு நின்றது.

“நீங்க கெமராவ தூக்குனதும் வேணாம்னுதான் சொல்ல வந்தேன். வாயி வரல்ல. அதான் தலைய ஆட்டுனேன்.”

“ஆட்டினீங்களே. சரின்னு.”

“இல்லங்க. இப்பிடி ஆட்டுனேன்.” இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினாள். நம் ஊரில் அந்த ஆட்டலுக்குச் சரி என்றும் அர்த்தம், வேண்டாம் என்றும் அர்த்தம். எனக்கு வேண்டிய அர்த்தத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மாதமாக அந்தப் படத்தைப் பார்த்துப் பூரித்தவள் நான். மடியில் குழந்தை என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. முகம் சூடாகிவிட்டது.

“மன்னிச்சுக்கங்க அக்கா.”

“அதுக்கென்னங்க. ஆனா செவத்துலயெல்லாம் வேணாம். கோணவாயின்னு சிரிப்பாங்க.”

“போடமாட்டேன்.” உடனே சொன்னேன். வாசல் படம் போனது, ஆனாலும் சொன்னேன். அந்தப் பிரதியை, பின்னால் என் ஃபோன் இலக்கத்தை எழுதி, அவளிடமே கொடுத்தேன்.

உடனே அவளுக்கு உற்சாகம். “ஒழுங்கா ஒன்னு எடுத்துத் தாங்களேன்?” தன் அறைக்குள் போய், அலுமாரி திறக்கும் சத்தம், மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் வந்தாள். சுவரோடு நின்றாள். கைகள் பக்கவாட்டில். வாய் இறுக மூடி. மூச்சுகூட விடவில்லை. அடையாள அட்டைக்கு நிற்பதுபோல.

“கொஞ்சம் சிரிங்க அக்கா.”

“மாட்டேன். நல்லா வரணும்.”

எடுத்தேன். அவள் கேட்டபடியே.

ரொட்டியும் கட்டைச் சம்பலும் தந்தாள். உறைப்பு! பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்தது வரும்வரை தொட்டில் ஆட்டினேன். காலால் ஆட்டும் வித்தை எனக்கு வரவில்லை. தொட்டில் குறுக்கே போகிறது.

ஜூன் 15, ஞாயிறு

பூசை. ஃபாதரிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “வாசல் காலியா இருந்தா இருக்கட்டும். நல்லதுதான் செஞ்சீங்க.”

நல்லதுதான். ஆனாலும் மத்தியானம் முழுக்க உம்மென்று இருந்தேன். ஜெ. பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப வாசலில என்ன மாட்டப் போறீர்?”

“தெரியாது.”

“அந்த மனிசி கேட்டு எடுத்த படம் இருக்கெல்லே?”

“அது விறைச்சுப்போய் நிக்குது.”

“அவவுக்கு அதுதானே வடிவு. உமக்கு வேற வடிவு வேணுமெண்டா அது உம்மட பிரச்சினை.”

கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால் இன்னும் கூட வந்தது. ஸ்டூடியோவில் பட்டுச் சேலைப் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்க வேண்டும். கொடுப்பேன்.

உடுப்பு காயவில்லை. வீடு முழுக்க ஈரச் சாக்ஸ் வாடை.

ஜூன் 18, புதன்

கவுண்டரில் கூட்டம். ஃபோன் அடித்தது. தெரியாத இலக்கம். பின்னணியில் குழந்தைகள்.

“நான் பரமேசு பேசுறேன்!”

அலுவலக நடைபாதைக்கு ஓடினேன். நடந்தது இது. பால் கொடுக்க வந்த தாய் ஒருத்தி அலுமாரி இடுக்கில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாளாம். இது என்ன என்று கேட்க, அக்கா பல் கதையைச் சொல்ல, அவள் தன் பல் கதையைச் சொல்ல, இன்னொருத்தி பிரசவ வலியைவிடப் பல் வலிதான் பெரிது என்று சண்டை பிடிக்க, கங்காணி வந்து எட்டிப் பார்த்து, கடைசியில் அவரும் தன் வாயைத் திறந்து காட்ட...

“புள்ளைங்க எல்லாம் எந்திரிச்சி ஒரே கத்தல். நாங்க சிரிக்கிறத நிப்பாட்டல்ல. எவ்வளவு நாளாச்சி தெரியுமா இங்க இப்பிடி சிரிச்சி!”

பிறகு குரலைத் தாழ்த்தி: “போடுங்க.”

“எதை?”

“கோணவாயத்தான். ஆனா ஆனந்தம், கீனந்தம்னு எழுதாதீங்க. பொய்யி. பல்லு புடுங்குன நாள்னு எழுதுங்க. என்னோட நல்ல போட்டோவையும் பக்கத்துலயே போடணும். ரெண்டும் நான்தான்னு தெரியணும்.”

“உண்மையாத்தானா அக்கா? தலை ஆட்டுறீங்களா?”

“வாயால சொல்றேன். போடுங்க!”

திரும்பிப் போய் உட்கார்ந்தபோது வரிசையில் முதலாவதாக நின்ற ஐயா கேட்டார், “என்ன மிஸ், நல்ல செய்தியா?” கவுண்டருக்குப் பின்னால் இருந்தபடி, கெமரா இல்லாமல், முழுக் கதையையும் சொன்னேன். அவருடைய நட்டஈட்டுக் கோப்பு தாமதம். அவர் குறைப்படவில்லை.

ஜூன் 21, சனி

மண்டபத்தில் ஆணி அடிப்பு. ஜெ. தன் கட்டைவிரலில் ஒரு முறை. யாழ்ப்பாணத்துக் கெட்ட வார்த்தை ஒன்று புதிதாகக் கற்றேன். மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார்.

வாசலில் இரண்டு பரமேசு அக்காக்கள். ஒன்று கோணல், ஒன்று நேர். சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் தெரிகிறாள். நேர்ப் படத்தில் அந்தக் கண்டிப்பு, அந்தப் பெருமை, நான் அன்று கவனிக்கவே இல்லை. இந்த இரண்டாவதும் நல்ல படம்தான். ஜெ.யிடம் சொல்லப் போவதில்லை.

கீழே “பல்லு புடுங்குன நாள்” என்று தமிழில் என் எழுத்து, சிங்களத்தில் ஃபாதரின் எழுத்து.

ஜூன் 22, ஞாயிறு

வெயிலும் தூறலும் மாறி மாறி. பூசை முடிந்து மண்டபம் நிரம்பிவிட்டது. கேக், தேத்தண்ணீர், பற்றிஸ். குடை நானா மகனோடு வந்து தன் கடைப் போர்டு தெரிகிறதா என்று முதலில் பார்த்தார். தெரிகிறது. மீன் கடைத் தம்பி தன் படத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி.

பரமேசு அக்கா அந்த மாம்பழ நிறச் சேலையில், இரண்டு தாய்மாரோடும் இரண்டு குழந்தைகளோடும். வந்ததும் தன் படங்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள். யாரும் சொல்லாமலே.

முதலில் ஆட்கள் தள்ளியே நின்று வாசித்தார்கள். ஒரு சிரிப்பு. இன்னொன்று. எங்கள் தெருக்கோடி டீச்சர், எப்போதும் இறுக்கமான முகம், மெல்லக் கேட்டார், “எந்தப் பல்லு?” அக்கா காட்டினாள். டீச்சர், “எனக்கும் அதேதான்,” என்று உதட்டை விலக்கினார். பின்னால் நின்ற ஒரு சிங்கள மாத்தயா, “மகேத், மகேத்!” தன்னுடையதும்தான் என்று வாயைத் திறந்து விரலால் காட்டினார். குடை நானாவும் வரிசையில் புகுந்தார். ஃபாதர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு வந்து, தனக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல் என்று அறிவித்தார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பிறகு ஆளாளுக்கு வாயைத் திறந்ததைப் பார்க்க வேண்டும்!

அக்கா நடுவில், டொக்டர்போல. ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்க்கிறாள். தமிழருக்கு, “அடப்பாவமே, ரொம்ப வலிச்சிச்சா?” மாத்தயாவுக்கு அதையே சிங்களத்தில், “ரிதுணாத?”

பெயர் தெரியாதவர்கள், ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி.

கெமராவைத் தூக்கினேன். “எடுக்கட்டுமா?” வாய்விட்டே கேட்டேன்.

எல்லாருடைய வாயும் திறந்திருந்ததால் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

காத்திருந்தேன்.