பதினாறு மூடிகள்

கிரெய்கிபர்ன்
18 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி கௌரிசங்கருக்கு,

அருமைநாதன் எழுதுகிறேன். நீயும் பத்மாவும் பரமட்டாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போன் இருக்கும்போது இந்தக் கிழவனுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். போன வாரம் போனில் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதை அதே போனில் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மரக்கோயிலை இடிப்பது உறுதியாகிவிட்டது. செப்டம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆராதனை. சபையார் அனுப்பிய ஆய்வாளர் தரைக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தார். தரையைத் தாங்கும் விட்டங்களில் பாதிக்கு மேல் உளுத்துவிட்டனவாம். ஸ்குரூடிரைவரால் குத்தினால் கைப்பிடிவரை இறங்குகிறதாம். பீடத்தின் முன்னால் யாரும் போகாதபடி கயிறு கட்டி மறித்திருக்கிறார்கள். பின்பாதியில் மட்டும் உட்காரலாம்.

நீ எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த காலத்தில் அந்தக் கட்டடத்தை எஞ்சினியர் கண்ணால் பார்த்தாய். அதன் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் விவசாயிகள் 1874-இல் கட்டியது. அன்றைக்கு அந்த ஊருக்கு ரோசன்தால் என்று பேர். கல் வாங்க வசதியில்லை, கிடைத்ததெல்லாம் மரம்தான். இங்கே விளையும் சிவப்புத் தைலமரக் கட்டைகளை முழங்கால் உயரத்துக்கு நட்டு, அதன்மேல் விட்டம் போட்டு, பலகைச் சுவர் எழுப்பினார்கள். கூரைச் சட்டங்களில் ஆணியே கிடையாது, எல்லாம் மர முளைதான். மணியின் பாரத்தைக் கூரை தாங்காது என்று முற்றத்தில் தனியாக நாலு கால் நட்டு மாட்டினார்கள். உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதல் நாள் அதைப் பார்த்ததும் என் ஞானம், நம் பொறையார் கோயில் மாதிரியே இருக்குங்க என்றாள். ஜெர்மன்காரர்கள் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்த விசுவாசம்தானே எங்கள் குடும்பத்துக்கும் வந்தது. நாங்கள் பாடும் ஞானப்பாட்டு ராகங்கள் ஜெர்மன் வம்சத்து வெர்னருக்கும் தெரியும். நாங்கள் தமிழில் பாட, அவர் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஜெர்மனில் பாடுவார்.

வெர்னரை நினைவிருக்கிறதா? கோயில் சாவி வைத்திருக்கும் பெரியவர். அதைக் கட்டிய தச்சரின் கொள்ளுப்பேரன். இப்போது எண்பத்தாறு வயது. முதல் உலகப்போர் சமயத்தில் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் மாற்றிய கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். பீடத்துக்கு மேல் ஜெர்மனில் எழுதியிருந்த வசனத்தை அவருடைய ஆட்களே பயந்துபோய்ப் பலகை அடித்து மறைத்தார்களாம். பயம் தெளிந்து அதை எடுக்க முப்பது வருடம் ஆயிற்றாம். நாங்கள் தமிழ் ஆராதனை தொடங்கிய அன்று வாசலில் குவிந்து கிடந்த எங்கள் செருப்புகளை அவர் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த முறை போனபோது அங்கே ஒரு செருப்பு அலமாரி இருந்தது, அவர் கையால் செய்தது.

அந்தச் செருப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 2016-இல் ஞானத்துக்குப் புற்றுநோய்க்கான ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அந்த மருந்துக்குக் கால் நரம்பெல்லாம் குளிர் பட்டால் கண்ணாடித் துண்டு குத்துகிற மாதிரி வலிக்கும். செருப்போடு உள்ளே வா என்றால் கேட்கமாட்டாள். இரண்டு காலுறை போட்டாலும் பலகை இடுக்கு வழியாகக் காற்று வந்தது. உன்னிடம் சொன்னேன். நீ வந்து பார்த்துவிட்டு, அடிச்சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளைக் குளிர்காலத்துக்கு மட்டும் மூடலாம் அண்ணா என்றாய். பதினாறு மூடி செய்தாய். ஓரத்தில் ரப்பர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகாணி, சுவரின் அதே வெள்ளைப் பெயின்ட். போதகரிடம் வாய்மொழியாகக் கேட்டதோடு சரி. அவரும் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். வெர்னர் அப்போது இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த வாரம் நடுவழியில் புதுக் கம்பளமும் விரித்ததால், தரை கதகதப்பானது அதனால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் குளிர் முடிஞ்சதும் மறக்காமல் கழற்றிடுங்க, மரம் மூச்சு விடணும், இல்லாட்டி ஈரம் தங்கி உளுத்துடும் என்று நீ எத்தனை தடவை சொன்னாய். அந்த அக்டோபரில் நீ சிட்னிக்கு வேலை மாறிப் போனாய். போன வாரம் செய்தி கேள்விப்பட்டு, மூடிகளை வருஷா வருஷம் கழற்றினீங்கதானே அண்ணா என்று கேட்டாய். நான் ஆமா என்றேன்.

கழற்றவில்லை, தம்பி. ஒரு வருடம்கூடக் கழற்றவில்லை.

ஞானம் கடைசியாகக் கோயிலுக்கு வந்தது ஆகஸ்ட் ஏழாம் தேதி. காரில் திரும்பும்போது, இன்னிக்கு கால் வலிக்கவே இல்லைங்க, வீட்டுக்குள்ள இருந்த மாதிரி இருந்துச்சு என்றாள். இருபதாம் தேதி போய்விட்டாள். செப்டம்பரில் நான் ஸ்குரூடிரைவரோடு போனேன். அவள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும் மூடியில் ஒரு திருகாணியைக் கழற்றினேன். பிறகு மறுபடி முடுக்கிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்குக் குளிரும் என்று தோன்றிற்று. புத்தி கெட்டவன் என்று நீ சொல்வாய். முதல் வருடம் அது துக்கம். இரண்டாம் வருடம் சோம்பல். மூன்றாம் வருடத்திலிருந்து பயம். இத்தனை நாள் மூடி வைத்ததை யாராவது கேட்பார்களே என்ற பயம். சுற்றிலும் லாவெண்டர்ச் செடி வளர்ந்து மூடிகளை மறைத்துவிட்டது.

ஆய்வாளர் அறிக்கையில், காற்றுத் துளைகள் நெடுநாளாக அடைபட்டிருக்கின்றன என்று மட்டும் இருந்தது. கூட்டத்தில் அதை வாசித்ததும் எல்லோருடைய கண்ணும் வெர்னர் பக்கம் போயிற்று. வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவர் எழுந்து, நான்தான் பார்த்திருக்க வேண்டும், ஏணியிலிருந்து விழுந்த பிறகு குனிந்து ஒன்றும் பார்ப்பதில்லை, மன்னித்துவிடுங்கள் என்றார். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் பக்கத்தில் இருந்த யோகராணி, ஓம், பாவம் அந்த மனுசன், வயசு போட்டுது என்றார். நான் தலையாட்டினேன். நாக்கு இருந்தும் தலையைத்தான் ஆட்டினேன். அதன் பிறகு வெர்னர் கோயில் பக்கம் வருவதில்லை. அவர் மகளைக் கடையில் பார்த்தேன். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, தாத்தாக்கள் கட்டினதை நான் விழவிட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

நீயும், அப்ப என் கணக்குத்தான் தப்பு அண்ணா, பழைய வரைபடத்தைத் தேடிப் பார்க்கிறேன் என்றாய். தேடாதே. உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எண்பத்தாறு வயதுக்காரர் ஒருவரும் நீயும் என்னுடையதைச் சுமக்கிறீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று பகல் ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு செடிகளை விலக்கிவிட்டுப் பதினாறு மூடிகளையும் கழற்றினேன். இனி கழற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது: செப்டம்பரில் கழற்றவும். அவற்றைக் காரில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வெர்னர் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். வாயால் சொல்ல வராவிட்டாலும் அவற்றை அவர் முன்னால் வைத்துவிடுவேன். பிறகு கடைசி ஆராதனையில் எழுந்து எல்லோர் முன்னிலும் சொல்வேன். அவர் அன்றைக்கு வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே போய், பெண்கள் பக்கம் கடைசி வாங்கில், அவள் இடத்தில் செருப்பில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பழைய காற்று வந்தது. அவள் எப்படித் தாங்கினாள் என்று தெரியவில்லை.

ஒன்றாம் தேதி முடிந்தால் வா. அவளை அக்கா அக்கா என்று கூப்பிட்டவன் நீ ஒருவன் பக்கத்தில் இருந்தால் என்னால் எழுந்து நின்று சொல்ல முடியும். என்மேல் கோபம் என்றாலும் வா, வந்து திட்டு. தரை ரொம்பக் குளிரும், தடித்த காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்.

கர்த்தர் உன்னையும் பத்மாவையும் எந்தக் குறையுமில்லாமல் காக்கட்டும்.

உன் அண்ணன்,
அருமைநாதன்