பத்தைத் தாண்டிய ஜெபமாலை

சிங்கப்பூர்

அன்புள்ள லீமாவுக்கு,

ஆண்டவர் துணையால் நலமாயிருக்கிறேன். அம்மாவின் இருமல் குறைந்ததா? மழை விட்டு உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டதா?

போன மாதம், ஞாயிறு மாலை நாம் போனில் ஜெபமாலை சொன்னபோது, பத்து முறை சொல்லவேண்டிய 'அருள் நிறைந்த மரியே'யை தொடர்ந்து இரண்டு வாரம் பன்னிரண்டு முறை சொன்னேன். "ஏங்க, மாதாவுக்கே தலை சுத்தியிருக்கும். குடிச்சிருக்கீங்களா?" என்றாய். இல்லையென்று கத்தினேன். உண்மையில் ஞாயிறு மட்டும் குடித்த பீர் புதன்கிழமைக்கும் வந்திருந்தது. குடியை விட மறுநாளே டாக்டரைப் பார்த்தேன். ஐந்து வாரமாகத் தொடவில்லை.

நேற்று நாம் ஜெபமாலை சொன்னபோது, அறையில் உடனிருக்கும் பெருமுக்கல் பஞ்சநாதன் விரல்விட்டு எண்ணினான். "அண்ணே, கரெக்டா பத்து! அண்ணிகிட்ட நானே சொல்லிடுறேன்" என்று குதித்தான்.

லீவில் வரும் அவனிடமே இதைக் கொடுக்கிறேன். திரும்பும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. ஜெபம் முடிந்ததும் போனை வைத்துவிடாதே. என்ன குழம்பு என்றாவது பேசு. ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகுதான் நீளமாகிறது.

அவனை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக டாக்சி வந்துவிட்டது.

உன் பிரபு